இறங்கும் மேடை, ஏறும் மேடை

தண்டவாளம் போட்டவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்த இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால் உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் கழிமுகம், கழிமுகத்துக்கு அப்பால் கடல், இனியும் ரயில் விட வேண்டுமென்றால் அது நீந்தத்தான் வேண்டும் என்று சொல்லி, நகரத்திலிருந்து புறப்பட்ட இலகு ரயில் பாதையை உப்புக்கேணியில் முடித்துவிட்டார்கள். இரண்டே பெட்டி உள்ள ரயில், நாங்கள் குட்டி ரயில் என்போம். வருகிற ரயில் எல்லாம் எங்கள் ஊரில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே வந்த வழியில் பின்னோக்கிப் போகும். கடைசி நிலையத்துக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு, எவ்வளவு தூங்கினாலும் ஊரைத் தவறவிட மாட்டோம். ஒரு வருத்தமும் உண்டு, எங்களைத் தாண்டி எங்கும் போக முடியாது, ஆகவே வருகிறவர் எங்களுக்காகவே வந்தால்தான் உண்டு, அப்படி யார் வருகிறார்கள்.

அந்த முடிவிடத்தில் ரயிலை எப்படி நிறுத்துவது, ஆட்களை எந்தப் பக்கம் இறக்கி எந்தப் பக்கம் ஏற்றுவது என்று வரைந்து கொடுத்தவள் பிரபாவதி. நிர்வாகத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருபத்தேழு வருடம் நடைமேடைகளையே வரைந்தவள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நகரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கடைசி நிலையம் கட்டச் சில வழிகள்தான் இருக்கின்றன. நடுவில் ஒரே மேடை வைத்து அதன் இருபுறமும் தண்டவாளம் போடலாம். அப்படிப் போட்டால் இறங்குகிறவனும் ஏறுகிறவனும் இடித்துக்கொண்டு, "கண்ணு தெரியல?" என்று கேட்டுக்கொண்டு, சில சமயம் "அட, நீயா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இல்லாவிட்டால் ஒரே தண்டவாளம் போட்டு அதன் இரண்டு பக்கமும் மேடை கட்டலாம், மேற்கு மேடையில் இறங்கு, கிழக்கு மேடையில் ஏறு. பிரபாவதி இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தாள். ரயில் நின்றதும் முதலில் மேற்குக் கதவுகள் திறக்கும், பன்னிரண்டு நொடி கழித்துத்தான் கிழக்குக் கதவுகள் திறக்கும். அவள் வரைந்த படத்தில் வருகிறவர்களுக்குச் சிவப்பு அம்பு, போகிறவர்களுக்கு நீல அம்பு, ஒரு சிவப்பு ஒரு நீலத்தை எந்த இடத்திலும் தொடவில்லை. இப்படிச் சுத்தமான படத்தைப் பார்த்ததே இல்லை என்று மேலதிகாரிகள் அவளைப் பாராட்டினார்கள்.

ஊர் நன்மைக்காக வைத்த பன்னிரண்டு நொடி என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அது ஒருத்திக்காக வைத்தது. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கடைசி நிலையத்துக்கு எல்லாம் ஒரு நாள் வந்து சேர்ந்துவிடும்.

பிரபாவதிக்கு ஒரே ஓர் அக்கா, கோமளவல்லி, எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒன்பது வயது மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தையல் மிஷினை மிதித்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். அந்த அக்காவின் கணவர் ஒரு வியாழக்கிழமை இறந்துபோனார். சேதி வந்தபோது பிரபாவதி எங்கேயோ ஒரு நிலையத்தின் வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தாள். சாயங்காலம் போய்விடலாம் என்று நினைத்தாள், சாயங்காலம் மறுநாள் ஆனது, அடக்கம் முடிந்துவிட்டது, இனி எந்த முகத்தோடு போவது என்று கூசிக் கூசி நாட்கள் ஓடி, கடைசியில் பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் போய் நின்றாள். கோமளவல்லி அழவில்லை, திட்டவில்லை. "இலை போடச் சொல்றேன், சாப்பிட்டுட்டுக் கிளம்பு, கடைசி பஸ் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிரபாவதி உட்கார்ந்து சாப்பிட்டாள், கை கழுவினாள், செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

துக்க வீட்டிலிருந்து போகும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்னதாகிவிடும் என்பது வழக்கம். ஆகவே தங்கை சொல்லாமல் போனது வழக்கத்துக்கா, கோபத்துக்கா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அக்கா வாசல் வரை வராதது வழக்கத்துக்கா, வெறுப்புக்கா என்று தங்கைக்கும் தெரியவில்லை. இருவரும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் இப்படிப்பட்ட விஷயத்தில் தங்களுக்கு வலிக்கிற பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நாலு வருடம் போனது, பேச்சு இல்லை.

அப்போதுதான் உப்புக்கேணி நிலையத்தின் வேலை பிரபாவதியின் மேசைக்கு வந்தது. கூடவே அவளுடைய அலுவலகம் எங்கள் ஊர்ப் பணிமனைக்கு மாறப்போகிற உத்தரவும் வந்தது. கோமளவல்லி நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துணி தைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள், தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள். பிரபாவதி மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். காலை எட்டு நாற்பது ரயிலில் நான் வந்து இறங்குவேன், அதே ரயிலில் ஏற அவள் காத்திருப்பாள். நடு மேடையாக இருந்தால் தினமும் முகத்துக்கு முகம். அந்த முகத்தைத் தினமும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அன்று அவள் பென்சில் மேடையை இரண்டாகப் பிரித்தது. ஒரு மனுஷியைத் தவிர்க்க நாற்பதாயிரம் பேரைச் சுற்றி நடக்க வைத்தவள் என்று பின்னால் நாங்கள் கேலி செய்தோம், அவள் வரைந்தபோது எங்களுக்கு எதுவும் தெரியாது.

நிலையம் திறந்தார்கள். எல்லாம் படத்தில் இருந்தபடியே நடந்தது. எட்டு நாற்பதுக்கு மூன்றாவது கதவில் பிரபாவதி மேற்கே இறங்குவாள். இறங்கியதும் நேரே போய்விட மாட்டாள், திரும்பி நின்று ரயிலின் இரண்டு பக்கக் கண்ணாடிகள் வழியாகக் கிழக்கு மேடையைப் பார்ப்பாள். அங்கே அதே மூன்றாவது கதவுக்கு நேரே மருத்துவமனைப் பச்சைப் புடவையில், கையில் சாப்பாட்டுப் பையோடு அக்கா நிற்பாள். அக்காவுக்கு நரைப்பதைப் பார்ப்பாள், புதுச் செருப்பைப் பார்ப்பாள், பையின் காதில் போட்டிருக்கிற ஒட்டுத் தையலைப் பார்ப்பாள். பன்னிரண்டு நொடி. கிழக்குக் கதவு திறந்ததும் சட்டென்று திரும்பி நடந்துவிடுவாள். ஒரு நாளில் வேறு எதற்காகவும் அவள் காத்திருக்கவில்லை, இதை அவளே ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் இரண்டு மேடைகளும் விலக ஆரம்பித்தன.

முதலில் கவனித்தவர் இறங்கும் மேடையில் டீக்கடை வைத்திருக்கும் காஜா மைதீன். ரயில் இல்லாத நேரத்தில் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து "ரெண்டு இஞ்சி டீ" என்று கூப்பிடுவார்களே, அந்தக் குரல் அரைக் குரலாக வந்தது. நிலைய அதிகாரி துரைசிங்கம் நாடா பிடித்து அளந்தார், நேற்றைக்கு இன்று ஒரு சாண் கூடியிருந்தது. மறுநாள் ஒரு முழம், அதற்கு மறுநாள் மறுபடி ஒரு சாண், போகப் போக வேகமும் கூடியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பிளாட்பாரம் நகரக் கூடாதா என்று காஜா மைதீன் கேட்டார், அது எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. நில அளவைக்காரர் வந்து நிலையத்தின் வெளிச்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் சங்கிலி போட்டார், பத்தொன்பது மீட்டர், கட்டும்போது இருந்தது அப்படியே இருந்தது. உள்ளே போய் மேடை விளிம்புக்கும் மேடை விளிம்புக்கும் போட்டார், முப்பத்தொரு மீட்டர் வந்தது. இரண்டையும் எழுதி, இரண்டும் சரி என்று கையெழுத்துப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

ரயில் என்ன ஆனது என்றால், அதுவும் இடத்துக்குத் தகுந்தபடி அகன்றுகொண்டது. முந்தின நிலையமான ஏரிமுனை வரைக்கும் ஒல்லியாக வரும், எங்கள் நிலையத்துக்குள் மூக்கை நுழைத்ததும் அகலும். அந்த ரயிலில் இருக்கைகள் இரண்டு ஜன்னலோரமும் நீளவாக்கில், எதிரெதிராக இருக்கும். முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவிலேயே தூரம் போய்க்கொண்டிருப்பார், கடைசிச் சொல் காதில் விழாது. கிளம்பும்போது அப்படியே தலைகீழ். நிலையத்தின் வாசலைத் தாண்டத் தாண்டப் பெட்டி சுருங்கி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தவர் முட்டிக்கு முட்டி வந்துவிடுவார். பெண்ணைக் கொடுத்து எடுத்த தகராறில் எட்டு மாதமாகப் பேசாமலிருந்த இரண்டு சம்பந்திகள் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து வந்தார்கள், ரயில் கிளம்பி அரை நிமிடத்தில் ஒருவர் மீசை இன்னொருவர் மூக்கில் உரசியது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் தலை வாராமல் ரயில் ஏறுவதில்லை.

பழகிக்கொண்டோம். பழகாமல் என்ன செய்வது. 'கிழக்கு இருக்கையில் உள்ளவர்கள் ஏரிமுனை தாண்டியதும் மேற்கே வந்துவிடவும்' என்று ரயிலில் எழுதி ஒட்டினார்கள். அகலம் நூறு மீட்டரைத் தாண்டியபோது சர்க்கரைக்காரர்கள் காலை நடையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள், வெயில் இல்லை, நாய் இல்லை. பூக்காரிகள் பெட்டியின் நடுவில் கூடையை இறக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கபடிக்குக் கோடு கிழித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மேற்குக் கதவில் வரவும், பெண் வீட்டார் கிழக்குக் கதவில் ஏறவும் என்று பெண் பார்க்கும் சடங்கைக்கூட அங்கேயே வைத்தார்கள். ஒருவரையொருவர் நெருங்கி வருவதற்குள் நடை, உடை, பொறுமை எல்லாம் தெரிந்துவிடுமாம். ரயில் நிற்கிற நேரம் ஆறு நிமிடத்திலிருந்து ஒன்பதாகி, பதினொன்றாகி, பதினான்காகியது. மணி அடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, கோட்டை அழித்துக்கொண்டு எல்லோரும் அவரவர் பக்கம் ஓடுவோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் போன பிறகு வெறும் மேடையில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கும். அங்கே நிற்கிறவர் நம் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார், யாரென்று தெரியாது.

பிரபாவதிக்கு அக்கா சிறுத்துக்கொண்டே போனாள். முதலில் பையின் ஒட்டுத் தையல் தெரியாமல் போனது, பிறகு நரை, பிறகு முகம். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கண்ணாடியை மாற்றினாள், மூன்றாம் முறை போனபோது, கண் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அக்கா ஒரு பச்சைக் கோடானாள், அப்புறம் பச்சைப் புள்ளியானாள். ராத்திரி தனியாகச் சாப்பிட்டுவிட்டு, கழுவிய ஒற்றைத் தட்டைத் துடைக்கும்போது பிரபாவதி அந்தப் புள்ளியையே நினைத்துக்கொண்டிருப்பாள். பேச வேண்டாம், மன்னிக்க வேண்டாம், பார்க்கக் கிடைத்தால் போதும் என்றுதானே இத்தனை வருடம் இருந்தேன், அதுவும் போகிறதே என்று அவளுக்கு அழுகை வரும்.

நிர்வாகத்துக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பதினான்கு நிமிடம் ஒரு ரயில் நின்றால் கால அட்டவணை என்ன ஆவது? வரைந்தவளையே திருத்தச் சொன்னார்கள். திருத்தம் என்னவென்று அவளுக்கு முதல் நாளே தெரியும். மேடை இரண்டாக இருப்பதால்தானே விலகுகிறது, ஒன்றாக்கிவிட்டால் எதிலிருந்து எது விலகும்? கிழக்குக் கதவுகளைப் பூட்டிவிட்டு மேற்கு மேடையிலேயே இறங்கவும் ஏறவும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுதினால் மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு அக்கா முகத்துக்கு எதிரே நிற்க வேண்டும். பிரபாவதி காகிதத்தை எடுத்து வைப்பாள், பேனாவைத் திறப்பாள், மூடுவாள். ஐந்து மாதம் இப்படியே கழிந்தது. இந்த மாதக் கடைசிக்குள் திருத்தம் வராவிட்டால் முதல் தேதியிலிருந்து ரயில் ஏரிமுனையோடு நின்றுவிடும், உப்புக்கேணி நிலையம் மூடப்படும், பணிமனை அலுவலகமும் நகரத்துக்கே திரும்பும் என்று கடிதம் வந்தது. அப்படி நடந்தால் புள்ளியும் இல்லை.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது பிரபாவதி டீக்கடையில் நின்றாள். காஜா மைதீன் கிளாஸை நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"மேடம், வண்டிய நிறுத்திடப் போறாங்களாமே. எனக்குக்கூடப் பரவால்ல, ரோட்டோரமா கடைய மாத்திக்குவேன். உள்ள நடக்குற அம்மாவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

"நிறையப் பேர் நடக்கிறாங்களே பாய்."

"அவங்கல்லாம் ஒடம்புக்கு நடக்குறாங்க. இது வேற. கெழக்கால ஏறும், ஏறுன கையோட மேக்கப் பாத்து நடக்கும். முட்டி நோவு போல, நொண்டி நொண்டித்தான் வரும். இந்தப் பக்கம் வந்து, கண்ணாடியில மூஞ்ச வச்சு நம்ம கடப் பக்கம் பாக்கும். அப்புறம் உக்காந்துரும். வாக்கிங்காம்மான்னு கேட்டேன். ஆமாங்குது."

"வயசானவங்களா?"

"அறுவது இருக்கும்."

பிரபாவதி டீயைக் குடித்து முடித்தாள், பாவம் என்றாள், அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பொறி தட்டவில்லை. கிழக்குக் கதவு திறக்கிற நொடியில் முதுகைக் காட்டித் திரும்புகிறவளுக்கு, அந்தக் கதவுக்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

மாதக் கடைசி நாள் வந்தது. அன்று காலை துரைசிங்கம் அளந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். எட்டு நாற்பது ரயில் உள்ளே வந்து அகன்றது, மேற்குக் கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கினார்கள். பிரபாவதி எழுந்து, மூன்றாவது கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக உள்ளிருந்தே கிழக்கே பார்த்தாள். புள்ளி இல்லை. பூக்கூடைகள், நடக்கிறவர்கள், கபடிக்குத் தயாராகிற பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் அப்பால் கிழக்கு ஜன்னல்கள் ஒரு வெளிச்சக் கீற்றாகத் தெரிந்தன, அதில் பச்சை இல்லை. பன்னிரண்டு நொடி முடிந்தது. இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, பார்க்காமல் இறங்கத் தெரியவில்லை. திரும்பி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூரத்தில் கிழக்குக் கதவுகள் திறந்தன. கூட்டம் ஏறியது. கூட்டத்தோடு, இதோ, பச்சையாக ஒன்று ஏறியது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள், பார்த்தாகிவிட்டது, இனி இறங்கலாம் என்று பையை எடுத்தாள். அப்போதுதான் அந்தப் புள்ளி அங்கே உட்காராமல் நகர்வதைக் கண்டாள். அது மேற்கே பார்த்து வந்தது. புள்ளி கோடானது, கோட்டுக்குக் கை முளைத்தது, கையில் பை முளைத்தது. பூக்காரிகள் காலை மடக்கி வழி விட்டார்கள், கபடிப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தி ஒதுங்கினார்கள், எத்தனையோ நாள் பழக்கம்போல. இடது காலை ஊன்றும்போது ஒரு சாய்வு சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து வந்தது. பிரபாவதிக்கு நடக்கிற அம்மா யாரென்று புரிந்தது. இத்தனை வருடமாகத் தான் எந்த நொடியில் திரும்பி நடந்தோம் என்பதும் புரிந்தது.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள், கால் வரவில்லை. வெட்கம் காலைக் கட்டும் என்று சொல்வார்கள், அவளுக்கு நிஜமாகவே கட்டியது. கோமளவல்லியும் பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். மேற்கு ஜன்னலோரம் காலியாக இருக்க வேண்டிய இருக்கையில் யாரோ உட்கார்ந்திருப்பதை அவளும் பார்த்துவிட்டாள். இருவருக்கும் நடுவே இருநூறு மீட்டர் தரை, ஒருவரை ஒருவர் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். எத்தனை நேரம் அப்படி இருந்தார்களோ, மணி அடித்தது. கூடைகள் ஓடின, பிள்ளைகள் ஓடினார்கள், கதவுகள் மூடின. பிரபாவதி எழுந்து ஓர் அடி வைத்தாள். மீதியை ரயில் வைத்தது. நிலையத்தின் வாசலைத் தாண்டத் தாண்டத் தரை சுருங்கி, பச்சைப் புடவை பெரிதாகி, முகம் பெரிதாகி, நரை, பையின் ஒட்டுத் தையல் எல்லாம் தெளிந்து, மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க அக்கா எதிரே நின்றாள்.

"இன்னைக்கு எறங்கலையா?" என்றாள் கோமளவல்லி.

"இல்லக்கா."

"தள்ளி ஒக்காரு. கால் கடுக்குது."

தள்ளி உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"இவ்வளவு அகலமா நீ கட்டி வச்சா வலிக்காம என்ன பண்ணும்."

"எத்தன நாளா நடக்குற?"

"தொறந்த நாள்லேர்ந்து. மொதல்ல நாலே எட்டுதான். கூட்டத்துல இடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நீ போயிட்டு இருப்ப. முதுகுதான் தெரியும். இப்ப அதுவும் தெரியறதில்ல. டீக்கடதான் தெரியும்."

"என் ஆபீஸ் அங்கதானேக்கா இருக்கு. வந்திருக்கலாமே."

"ஆபீசுக்கு வந்தா நான் தேடி வந்த மாதிரி ஆயிடும். ரயிலுக்குள்ள நடந்தா சும்மா நடந்த மாதிரிதானே." முட்டியை மறுபடி நீவினாள். "சொல்லாமப் போனவள எப்படித் தேடி வர்றது?"

"துக்க வீட்டுலேர்ந்து சொல்லிக்காமத்தான் போகணும்னு சின்னப் புள்ளையில நீதானே சொல்லிக் குடுத்த."

கோமளவல்லி ஜன்னலைப் பார்த்தாள். உப்பளத்தின் பாத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. "அதுக்காகவா சொல்லல?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம், பிரபாவதி சொல்லவில்லை. "பாதி அதுக்கு. பாதி கோவம்."

"நானும் வாசலுக்கு வரல. எனக்கும் பாதி பாதிதான்."

"மாமாவப் பாக்க நான் வரலையேக்கா."

"வரலதான்." கோமளவல்லி தங்கையின் கண்ணாடியைப் பார்த்தாள், அதன் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் நீரைப் பார்த்தாள். "அது போகாது பிரபா. எனக்கு உள்ள அப்படியேதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். அது இருந்தா நீ இருக்கக் கூடாதா?"

எங்கள் ஊரிலிருந்து ஏரிமுனைக்கு மூன்றே நிமிடம். தூக்குப் பாத்திரத்தோடு அந்தப் பெட்டியில் அன்று மாட்டிக்கொண்ட காஜா மைதீன், எதிர் இருக்கையில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அந்த மூன்று நிமிடத்தைத்தான் எங்களுக்குப் பிறகு முந்நூறு முறை சொன்னார். ஏரிமுனையில் நடுமேடை, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே கதவில் முட்டி மோதினார்கள். பிரபாவதி அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும், எழுந்தாள், கதவுவரை போனாள், யாரோ அவள் தோளில் மூட்டையால் இடித்தார்கள். அவள் நின்று திரும்பினாள்.

"அக்கா, போயிட்டு வர்றேன்."

அவ்வளவு கூட்டத்திலும் அது கேட்டது. ஒன்பது வருடம் முன்னால் ஒரு வாசலில் சொல்லக் கூடாமல் போன வார்த்தை. கோமளவல்லி பையின் காதைச் சரிசெய்தாள். பிறகு, "போயிட்டு வா" என்றாள், கதவு மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் துரைசிங்கம் அளந்தார். நானூற்றுப் பன்னிரண்டு, காலையில் இருந்தது அப்படியே இருந்தது. மறுநாளும் ஒரு விரற்கடை கூடவில்லை. வளர்ச்சி நின்றுவிட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி அனுப்பினார், ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள், ஒரு வாரம் ஒரு மாதமானது, கோப்பு எங்கேயோ தூங்கப் போய்விட்டது, நிலையத்தை யாரும் மூடவில்லை. குறையவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விலகிய மேடைகள் விலகியபடியேதான் இருக்கின்றன. பிரபாவதியின் படமும் மாறவில்லை, சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்.

இப்போதெல்லாம் எட்டு நாற்பதுக்குப் பிரபாவதி இறங்குவதில்லை, ஏரிமுனை வரை போய் அடுத்த ரயிலில் திரும்பி அரை மணி தாமதமாக அலுவலகம் போகிறாள். கோமளவல்லி நடப்பதில்லை, முட்டிக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறிய கையோடு கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். தங்கையும் எழுந்து போவதில்லை. பதினான்கு நிமிடமும் ஆளுக்கொரு கோடியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் புள்ளியாக உட்கார்ந்து, ரயில் கிளம்பட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாங்கள் பூ விற்கிறோம், நடக்கிறோம், பெண் பார்க்கிறோம், ஆனால் மூன்றாவது கதவுக்கு மூன்றாவது கதவு நேராக ஓடுகிற அந்த ஒரு கோட்டில் மட்டும் யாரும் கூடை இறக்குவதில்லை. கபடி ஆடுகிற பிள்ளைகள்கூட அதைவிட்டுத் தள்ளித்தான் ஆடுகிறார்கள்.